பிரிப்பதா, வேண்டாமா

ஊரை இரண்டு சபைகளாகப் பிரிப்பதா, வேண்டாமா என்று வாக்கெடுப்பு வரவிருந்தது. பிரிக்கச் சொல்லும் கட்சிக்காரர்கள் அஸர் தொழுகைக்குப் பிறகு, ஒழுங்கையில் வீடு வீடாக வாக்குக் கேட்டு முபாறக்கின் வாசலுக்கு வந்தார்கள்.

"நான் ஒங்கட பக்கம்தான்," என்றார் முபாறக்.

உள்ளே இருந்து மனைவி ஜெஸீமா வந்தாள். "இது என்ட வாப்பா எனக்குத் தந்த வூடு. ஊரப் பிரிக்கிற மனிசன் இதுல இரிக்கேலா. வெளிக்கிடுங்க."

முபாறக் உள்ளே போய், சாரன்களைப் பையில் அடைத்துக்கொண்டு வந்தார்.

கட்சித் தலைவர் பதறிப்போனார். "தங்கச்சி, ஒரு வோட்டுக்காகக் குடும்பத்தக் குலைக்கிறதா?"

அந்த நேரம் பிரிக்க வேண்டாம் என்னும் கட்சிக்காரர்களும் வந்தார்கள். விஷயம் கேட்டதும் அவர்களுக்கும் முகம் வெளுத்தது. இரண்டு மாதமாக ஸலாம்கூடச் சொல்லிக்கொள்ளாத இரு கூட்டமும் ஒரே வாங்கில் நெருங்கி உட்கார்ந்து சமாதானம் பேசின.

"எங்களுக்குப் போட வேணாம் தம்பி."

"எங்களுக்கும் வேணாம். ரெண்டு பேரும் வூட்டோட இரிங்க."

இரு கட்சிக்காரர்களும் ஒன்றாகவே நடந்து போனார்கள். ஜெஸீமா கேற்றைச் சாத்திவிட்டுக் கணவனின் பையை வாங்கினாள்.

"இனி இந்தப் பக்கம் வரமாட்டாங்க. தேத்தண்ணி ஊத்தவா?"

முபாறக் சிரித்தார். அதற்குள் பக்கத்து வீட்டில் பீங்கான் உடைந்தது. "வெளிக்கிடுங்க இந்த வூட்ட விட்டு," என்று ஒரு பெண் குரல் கேட்டது.

"அவளுக்கும் சொல்லிக் குடுத்தியா?"

"ஓம்," என்றாள் ஜெஸீமா. "ஒழுங்கைக்கே சொல்லிட்டன்."