முதல் கணு

இருட்டிய பிறகு காட்டில் ஒரு விநோதச் சத்தம். டொக்கென்று ஒரே ஒரு தட்டு. பிறகு யாரோ காது வைத்துக் கேட்பதுபோல நெடுநேரம் அமைதி.

மரங்களுக்கு வைத்தியம் பார்க்கும் மரங்கொத்தியாருக்குத் தூக்கம் போனது. சத்தம் வந்த பொந்தில் எட்டிப் பார்த்தார். அவருடைய அக்கா மகள் நாலைந்து மரங்கொத்திகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள்.

“அடடே, மாமாவா! மூணு வருஷமாக் கூப்பிட்டேன், ‘எனக்கே பாடமா’ன்னு சிரிச்சீங்களே?”

“இன்னிக்கு என்ன பாடம்?”

“கிளையில புழு விழுந்தா, அதுக்கு அடுத்த முதல் கணுவைத் தட்டிக் கேட்கணும். அங்கே புழு இல்லேன்னா மத்த கணுவைத் தொடவே வேண்டாம். கிளை பிழைச்சுக்கும்.”

மரங்கொத்தியார் வெளியே திரும்பிப் பார்த்தார். போன மாதம்தான் எதிரே நிற்கும் வேம்பின் கிளையில் ஒரு புழுவுக்காக எல்லாக் கணுக்களையும் தோண்டி எடுத்திருந்தார். எடுத்த ஒன்றிலும் புழு இல்லை. அந்தக் கிளை இன்னும் வீங்கித் தொங்குகிறது. வேம்போ தினமும் காலையில், “என் உசிரைக் காப்பாத்தின சாமி நீங்க” என்று மற்றக் கிளைகளால் கும்பிடுகிறது.

“உட்காருங்க மாமா, திரும்பச் சொல்றேன்.”

“இரும்மா,” என்றார். வெளியே வேம்பு விழித்திருந்தது. உள்ளே வந்து, அதற்குக் கேட்காதபடி பொந்தின் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.