இடது கை

வாயை அகலத் திறந்து கவ்வினால்தான் பால் இறங்கும் என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள். அது பச்சைக் குழந்தைக்குத் தெரிய வேண்டுமே! நுனியை மட்டும் கவ்விவிட்டு வீறிட்டது.

மாமியார் புட்டியோடு வந்தாள். "வீம்பு பிடிக்காதம்மா, இதையே குடு."

"முடியாது அத்தை. என் பிள்ளை என்கிட்டதான் குடிக்கும்."

மருமகள் குழந்தையை மறுபடி வலப்பக்கம் அணைத்தாள். அப்போது, யாருமில்லாத இடது மார்பைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு வாய் அகலமாகக் கவ்வியது. மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் இருவருக்கும் கேட்டது. குழந்தை அழுகையை நிறுத்தி அந்தப் பக்கமே பார்த்தது. பிறகு அதேபோல் வாயைத் திறந்து கவ்விக்கொண்டது.

"ஐயோ, யாரது? உதறிவிடும்மா!"

"எதுக்கு உதறணும்? என் பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்திருக்கு. அதுவும் வயிறு நிறையக் குடிக்கட்டும்."

இடது கையையும் வளைத்து, அங்கே இல்லாததைத் தாங்கிக்கொண்டாள். கை கனத்தது.