மூன்றாவது தடவை

சாயப்பட்டறை டேனியல் ஏ.டி.எம். கூண்டுக்குள் மகளின் கார்டைச் சொருகிவிட்டு நிற்கிறான். பதினேழு வயதுப் பிள்ளைக்கு வங்கி கொடுத்த கார்டு, அவளுக்குத் தெரியாமல் எடுத்து வந்தது. பள்ளிக்கூடத்தில் எழுதிய பிறந்த நாளை அடித்தான், தப்பு. நிஜமாகப் பிறந்த நாளை அடித்தான், அதுவும் தப்பு. இன்னொரு தப்பு விழுந்தால் கார்டு முடங்கிவிடும். வரிசையில் அவனுக்குப் பின்னால் நான். இவனையும் நம்பமாட்டேன், இந்தப் பெட்டியையும் நம்பமாட்டேன். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு மகள் ஜெனிபா மூச்சிரைக்க வருகிறாள். “பரீட்சை பீஸ் கட்ட இன்னைக்குத்தான் கடைசி நாளுங்கப்பா. தள்ளுங்க.” “நம்பரைச் சொல்லு கண்ணு. அப்பன்கிட்டச் சொல்லக் கூடாதா?” “கொலுசை அடகுக்கு வாங்கிட்டுப் போனப்பவும் அப்பன்னுதானுங்க சொன்னீங்க.” மிஷின் கீச்சிடுகிறது. நீலச்சாயம் ஊறிய அவன் விரல்கள் பொத்தான்களை விட்டு நகரவில்லை. அவளே அந்தக் கையைத் தூக்கி ஓரமாக வைக்கிறாள். துப்பட்டாவை விரித்து மறைத்துக்கொண்டு அடிக்கிறாள். உள்ளே கடகடவென்று சத்தம். வந்த பணத்தைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுக்கிறாள், கார்டையும் எடுத்துக்கொள்கிறாள். டேனியல் கதவைத் திறந்து பிடித்தபடி, யார் வீட்டுப் பிள்ளைக்கோ வழிவிடுவதுபோல் ஒதுங்கி நிற்கிறான்.