களப்பயிற்சி

டிப்ளமோ வாங்கக் களப்பயிற்சி கட்டாயம். கம்யூனிட்டி காலேஜில் சர்வே படிக்கும் அன்புச்செல்வி, அடையாற்றங்கரை வீடுகளை அளந்து முடித்து, கையெழுத்துக்காக, அந்த வேலையைக் கொடுத்த நந்தனம் அரசு ஆபீசில் நின்றாள்.

இன்ஜினியர் வைரவன் வரைபடத்தைப் பார்த்து அசந்துபோனார்.

"எங்க ஆளுங்க டேப்பை எடுத்தாலே அங்க கல்லு பறக்கும். உன்னை எப்படிம்மா உள்ள விட்டாங்க?"

"பட்டா குடுக்கத்தான் அளக்கறோம்னு நீங்க சொன்னதையே சொன்னேன் சார். வூட்டுக்கு வூடு டீ குடுத்தாங்க."

"அப்படிச் சொன்னாத்தானே வேலை நடக்கும்!" சிரித்தபடி கையெழுத்துப் போட்டார். "திங்கக்கிழமை இடிக்கிறாங்க. நீ பாஸ். இனிமே அந்தப் பக்கம் போகாத, தோலை உரிச்சிடுவாங்க."

அவள் நகரவில்லை.

"போகாம இன்னா சார் பண்றது? என் வூடே அங்கதான் கீது. நம்ம தெருப் பொண்ணு பொய் சொல்லாதுன்னுதான் வுட்டாங்க."