கால் மணி நேரம் பின்னால்

"இந்தத் தடவையும் சரியாகலேன்னா ஆபீஸ் பக்கமே வராதே. அப்படியே வீட்டுக்குப் போயிரு."

மதுரையில் பஸ் ஏறும்போதே முதலாளி போனில் சொல்லிவிட்டார். மண்டபம் ஊருக்கு இது மூன்றாவது அலைச்சல். உச்சிப்புளி தாண்டுவதற்குள் சேதுராமனுக்கு இடுப்பு விட்டுப்போனது.

எல்லாம் அந்த நண்டுக் கம்பெனி வாசலில் அவன் மாட்டிய ஆர்.எஃப்.ஐ.டி. ரீடரால் வந்த வினை. நண்டு உரிக்க வரும் பெண்கள் கழுத்துக் கார்டைக் காட்டினால் கதவு திறக்கும். எட்டு மணி தாண்டினால் திறக்காது. அன்றைய கூலி போச்சு.

ஆனால் லேட்டாக வருகிறவர்களுக்கும் திறக்கிறதாம். தூத்துக்குடியில் இருக்கும் கம்பெனி ஓனர் காது வரைக்கும் போய்விட்டது.

முதல் தடவை லேப்டாப்பில் ரீடரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து பார்த்தான். கடிகாரம் கால் மணி நேரம் பின்னால் ஓடியது. திருத்திவிட்டுப் போனான்.

இரண்டாம் தடவையும் அதே கதை.

"எவளோ கை வைக்கிறா தம்பி," என்று சீறினார் மேனேஜர் அப்துல் ஹமீது. "பாஸ்வேர்டை மாத்துங்க. என்கிட்ட மட்டும் சொல்லுங்க. இவளுகளை நம்ப முடியாது."

மாற்றினான். அவரிடம் மட்டும் சொன்னான்.

மறுநாள் காலை சோதித்துப் பார்க்க வாசலில் நின்றபோது நண்டு உரிக்கும் ராக்கு மூச்சிரைக்க ஓடிவந்தாள். கார்டைக் காட்டினாள். சிவப்பு விளக்கு.

"ரயில்வே கேட்டுல பஸ்ஸை நிப்பாட்டிட்டாக சார். எறங்கி ஓடியாரேன்..."

"எட்டுன்னா எட்டுதான். வீட்டுக்குப் போம்மா." ஹமீது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இவரும் ஒரு மனுசனா என்று நினைத்துக்கொண்டே அன்றைக்கு ஊர் திரும்பினான் சேதுராமன்.

இப்போது மறுபடியும் அதே நாற்காலி, அதே லேப்டாப். பாஸ்வேர்டைத் தட்டினான். பக்கம் திறந்தது. யாரும் அதை மாற்றவில்லை, உடைக்கவில்லை.

கடிகாரம் மட்டும் கால் மணி நேரம் பின்னால்.

சேதுராமன் மெல்ல நிமிர்ந்தான். அந்தப் பாஸ்வேர்டு அவனைத் தவிர ஒரே ஒருவருக்குத்தான் தெரியும்.

"பாய்... நீங்களா?"

ஹமீது எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினார்.

"கேட்டு போட்டுட்டா அந்தப் புள்ளைக பறந்தா வரும்? ஓனர்கிட்ட எத்தனையோ தடவை சொல்லிப் பாத்துட்டேன், கேக்கலை. அன்னைக்கு நீங்க நின்னதால ராக்குவைத் திருப்பி அனுப்பினேன். ராத்திரி சோறு எறங்கலை." குரல் தணிந்தது. "உங்க வேலைக்கே உலை வச்சிட்டேன் தம்பி. உள்ளதைச் சொல்லிருங்க."

மேஜை மேல் சேதுராமனின் போன் அடித்தது. ஓனர்தான்.

"என்னப்பா, எவ கைவரிசைன்னு கண்டுபிடிச்சியா?"

சேதுராமன் எதையும் திருத்தாமலே லேப்டாப்பை மூடினான்.

"யாரும் தொடலை சார். கடலோரம்ல, உப்புக்காத்துக்கு மெஷின் கொஞ்சம் மெதுவாத்தான் ஓடும்."