விடியும் வரைக்குமான மருந்து

பிற்பகல் வெயில் ஆய்வக மேசையிலிருக்கும் கண்ணாடிக் குவளைக்குள் சாய்வாக இறங்குகிறது. குவளைத் தண்ணீரில், இரு முனையும் நூலால் கட்டிய விரல் நீளச் சவ்வுப் பை ஒன்று மிதக்கிறது. பைக்குள் நீர்த்த பால் போல ஒரு கலங்கல்: கண்ணுக்குத் தெரியாத பாலிமர் நுண்துகள்கள், ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஆஸ்துமா மருந்து. அடியில் தண்ணீரைக் கலக்கும் காந்தக் குச்சி சுழன்று கிணுகிணுக்கிறது. அதையும் மீறிக் கேட்கிறது, துகள்களைச் செய்த ஆய்வு மாணவியின் மூச்சிலுள்ள மெல்லிய விசில். "காலையில இருந்து இவ்வளவுதான் வெளிய வந்திருக்கா?" ஆய்வகத் தலைவர், பையிலிருந்து தண்ணீருக்குள் கசிந்த மருந்தின் அளவைக் காட்டும் கோடு கணினித் திரையில் தரையோடு தவழ்வதைச் சுட்டுகிறார். "உன் துகள் வாயே திறக்கலம்மா. கொட்டிட்டு மேசையைக் காலி பண்ணு." அவர் கை காந்தக் குச்சியைச் சுழற்றும் கருவியின் சுவிட்சுக்குப் போகிறது. அதற்குள் அவள் உள்ளங்கை பொத்தென்று அதன்மேல் விழுகிறது.

"சட்டுனு திறக்கக்கூடாதுன்னுதான் சார் செஞ்சேன். அவசரக்காரன் ஏற்கெனவே என் கைப்பையில இருக்கான்." இன்ஹேலரை எடுத்து, அவர் முகத்துக்கு நேரே ஓர் இழுப்பு இழுத்து, மூச்சை அடக்கி விடுகிறாள். "படுக்கும்போது இழுத்தா நடுராத்திரியில கைவிட்டுடுறான். விடியிற வரைக்கும் கூட இருக்கிறவன் வேணும் எனக்கு. நாளைக்குக் காலையிலயும் கோடு ஏறலைன்னா நானே கொட்டுறேன்."

"ராத்திரி பூரா இங்கயே குடியிருக்கப் போறியா?"

"வீட்டுல மட்டும் தூங்குறேனா என்ன?"

அவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், கதவைப் பார்க்கிறார், நகரவில்லை. அவள் முக்காலியை இழுத்து அவருக்கும் மேசைக்கும் நடுவே போட்டு உட்கார்கிறாள். உறிஞ்சுகுழலைத் தண்ணீரில் இறக்கி, வேண்டுமென்றே மெதுவாக, அளப்பதற்கு அடுத்த சொட்டை எடுக்கிறாள்.