பச்சைக் கதவு

"திருடன் வாசப்பக்கமா இல்ல வருவான்? பின்னாடி சந்துக்கு எதுக்குண்ணே கேமரா?" என்று கேட்டான் அலி அக்பர், ஏணியைத் தோள் மாற்றிக்கொண்டே.

"நான் சொல்ற எடத்துல மாட்டு பாய். வாசல்ல ஒண்ணு மாட்டிட்ட இல்ல? இன்னொண்ணு சந்துக்குத்தான்," என்றார் சுப்புராயன்.

சமையலறையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்த அவர் மனைவி பவுனம்மாளுக்குக் கை நின்றுவிட்டது.

காசிமேட்டில் அப்போது வீட்டுக்குக் கேமரா வைப்பதென்றால் பெரிய செய்தி. பக்கத்துத் தெருவில் வலை திருடு போனதிலிருந்து சுப்புராயனுக்கு இதே பேச்சு. படகு வைத்திருக்கிறவர், ஆசைக்கு வைக்கட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள். வாசலோடு போய்விடும் என்றுதான் நினைத்தாள்.

அந்தப் பின்சந்து வழியாகத்தான் ராஜாத்தி வருவாள். எம்.கே.பி. நகர் பீம்ராவைச் சாதி மாறிக் கட்டிக்கொண்டு போன ஒரே மகள். அவள் போன அன்றே, தெருவே பார்க்க, "எனக்குப் பொண்ணே கெடையாது" என்று தலை முழுகினார் சுப்புராயன். அவருடைய தம்பி சின்னப்பையன் அதோடு விடவில்லை. "இந்தப் பக்கம் காலை வெச்சா வெட்டிட்டுத்தான் மறுவேலை" என்று சத்தியம் செய்தான். செய்யக்கூடியவன்தான். சந்து முனையில் பச்சைக் கதவு போட்ட வீடு அவனுடையது. எப்போது கடலில் இருப்பான், எப்போது குடித்துவிட்டு வீட்டில் கிடப்பான் என்று யாராலும் சொல்ல முடியாது.

பெற்ற வயிறு கேட்குமா? சுப்புராயன் துறைமுகத்துக்குப் போன பிறகு முக்காடு போட்டுக்கொண்டு வருவாள் ராஜாத்தி. ஒரு வாய் மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டுச் சத்தமில்லாமல் போய்விடுவாள். அவளுக்கு இப்போது ஆறு மாதம். அது இந்த வீட்டில் பவுனம்மாள் ஒருத்திக்குத்தான் தெரியும். நாளைக்கும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். வராதே என்று சொல்லி அனுப்பக்கூட நம்பிக்கையான ஆள் இல்லை.

பவுனம்மாள் பின்வாசலுக்கு ஓடி வந்தாள்.

"சந்துல இன்னாத்துக்குய்யா கேமரா? நாயும் பூனையுந்தான் சுத்திகினு கீது. தண்ணி மோட்டராண்ட வெக்கச் சொல்லு. எவனாச்சும் தூக்கிகினு பூட்டான்னா?"

"நீ சும்மா கெட," என்றார் சுப்புராயன், திரும்பிப் பார்க்காமலே.

அலி அக்பர் ஏணியில் ஏறிக் கேமராவைப் பின்கதவுப் பக்கம் திருப்பினான். "இப்டி வெச்சா கதவு பளிச்சுனு தெரியும்ணே."

"கதவு வாணாம். சந்து முனைக்குத் திருப்பு. என் தம்பி வூட்டுப் பச்சைக் கதவு தெரியணும்."

"தம்பி வூட்டுக்கும் சேத்துக் காவலா? ஷோக்கான அண்ணன்தான் போ!" என்று சிரித்தான் அலி அக்பர்.

சுப்புராயன் சிரிக்கவில்லை.

பவுனம்மாள் சந்து முனையைப் பார்த்தாள். அண்ணனும் தம்பியும் பேசி வைத்துக்கொண்டுதான் இதைச் செய்கிறார்கள். நாளைக்கு இவர் துறைமுகத்துக்குப் போகாமல் இருந்துவிட்டால், ராஜாத்தி சந்துக்குள் திரும்பும்போதே பார்த்துவிடுவார். தம்பிக்கு ஒரு குரல் கொடுத்தால் போதும். போன வாரம் இவர் அவ்வளவு பெரிய வஞ்சிரத்தைக் கொண்டுவந்து போட்டாரே! "ரெண்டு பேருக்கு இம்மாம் பெரிய மீனா?" என்று கேட்டதற்கு, "ஆக்கி வையி" என்று மட்டும் சொன்னார். மகளுக்கு ஆயிற்று என்று அன்றைக்குச் சந்தோஷப்பட்டாளே பாவி. அது தூண்டிலில் குத்திய இரை என்று இப்போதல்லவா புரிகிறது?

"வேலை முடிஞ்சிது. கேமரா படம் பாக்குற டிவி உன் ரூம்லதானேண்ணே? கட்டில்ல படுத்துகினே பாக்கலாம்," என்றபடி அலி அக்பர் வாசலில் நின்ற ஆட்டோவிலிருந்து அதை எடுத்துவரப் போனான்.

சுப்புராயன் சமையலறைக்குள் வந்தார். பின்னாலேயே வந்த பவுனம்மாளால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. அப்படியே அவர் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"யோவ், எம் பொண்ண ஒண்ணும் பண்ணிடாதய்யா. நான்தான் வரச் சொன்னேன். வெட்டுறதா இருந்தா என்னை வெட்டுய்யா."

சுப்புராயன் காலை மெல்ல விடுவித்துக்கொண்டு, அடுப்புக்கு மேலே இருந்த பலகையைப் பார்த்தார். அதிலிருந்த உப்பு ஜாடியையும் எண்ணெய் டின்னையும் எடுத்துக் கீழே வைத்தார்.

"பாய்! டிவிய இங்க கொண்டா, அடுப்பங்கரைக்கு!" என்று வாசலைப் பார்த்துக் கத்தினார்.

பவுனம்மாள் ஒன்றும் புரியாமல் நிமிர்ந்தாள். சுப்புராயன் குனிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நாளைக்கு அது வர்றப்ப, அந்தப் பச்சைக் கதவு சாத்திகீதான்னு இதுல பாத்துட்டு அப்பால திரும்பி அனுப்பு. சின்னப்பையன் தொரத்துனா, மாசமா கீற புள்ளையால ஓட முடியாது."